மரபணு விழிக்கும் வேளை

மரபணு மாற்றப் பயிர்களைப் பற்றிய நம் பேச்செல்லாம் ‘எதை’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. எந்த உயிரின் மரபணுவை எந்தச் செடிக்குள் வைத்தார்கள், அதைச் சாப்பிடலாமா, அதன் தழையைத் தின்ற ஆட்டுக்கு என்ன ஆகும். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் என்னை நெடுநாளாக உறுத்துவது வேறு. உள்ளே வைத்த மரபணு எப்போது கண்விழிக்கிறது, எப்போது ஓய்கிறது, விழிக்கச் சொல்லி அதற்குச் சைகை காட்டுவது யார்? ஒரு வேப்பமரத்தின் வேர்நுனிச் செல்லிலும் பூ முகிழ்க்கும் இடத்துச் செல்லிலும் இருக்கும் மரபணுக்கள் ஒன்றேதான். மண்ணுக்கடியில் இருட்டில் துழாவிக்கொண்டிருக்கும் அந்த வேர்ச்செல்லுக்குள் வேப்பம்பூ மணத்துக்கான குறிப்பு முழுவதும் இருக்கிறது. ஆனால் அது அங்கே வாசிக்கப்படுவதில்லை. எவற்றை வாசிக்காமல் விடுகிறது என்பதை வைத்தே ஒரு செல் வேராகவோ இதழாகவோ ஆகிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் புரோமோட்டர் என்றழைக்கப்படும் சிறு பகுதி இருக்கிறது. ஒளி, குளிர், தண்ணீர்க்குறைவு, வயது, பூச்சி கடித்த காயம் என்று எது நேர்ந்தாலும் அதற்குரிய புரதங்கள் அங்கே வந்து அமர்கின்றன, அல்லது விலகுகின்றன. அதன் பிறகுதான் மரபணு வேலைக்கு வருகிறது. வெளியிலிருந்து ஒரு மரபணுவைக் கொண்டுவந்து வைப்பவர்கள் இந்த முன்பகுதியையும் எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். மரபணுவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பண்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புரோமோட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது செடியின் காலத்தில் கை வைக்கிறார்கள்.

முதல் தலைமுறைப் பயிர்களுக்கு அந்த முன்பகுதி பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வந்தது: காலிஃபிளவரில் தேமல் நோயை உண்டாக்கும் ஒரு வைரஸிலிருந்து. அந்த முன்பகுதியின் பெயர் 35எஸ். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் நாம்-ஹாய் சுவாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985இல் அதன் எந்தெந்தத் துண்டு செடிக்குள் வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டினார்கள். அதன்பின் உலகத்தின் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. காரணம் எளிது. வைரஸுக்குத் தான் புகுந்த செடியின் பருவத்தைப் பற்றி அக்கறை கிடையாது. இலையோ தண்டோ வேரோ, பகலோ இரவோ, தன் பிரதிகள் பெருகினால் போதும். அந்த அக்கறையின்மையே ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது. 35எஸ் முன்னால் நின்றால் எந்த மரபணுவும் ஏறக்குறைய எங்கும் எப்போதும் இயங்கும், பகலிலும் அணைக்காமல் விட்ட தெருவிளக்கைப் போல. 2002 மார்ச்சில் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் மண் பாக்டீரியாவின் நஞ்சுப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவும் இந்த 35எஸ்ஸின் வலுவூட்டிய வடிவத்தின் கீழேதான் இருந்தது. புழு வந்தாலும் வராவிட்டாலும் செடி நஞ்சைச் செய்துகொண்டே இருக்கும். இதில் செடிக்கு ஆகும் செலவைப் பற்றியும், புழுவுக்கு எந்நேரமும் கிடைக்கும் பயிற்சியைப் பற்றியும் அப்போது பேசியவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பேச்சு உழவரின் களத்துக்கு வந்து சேரவில்லை.

களத்தில் நடந்தது இன்னும் சிக்கலானது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு புகுந்த ஒரு பச்சைக் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள், வெளியே அநேகமாக ஒன்றும் தெரியாது. மயிரிழை போலத் துளைத்துப் புழு உள்ளே போனதும் காய் வளர வளர அந்தத் துளை மூடிக்கொண்டுவிடும். கட்டைவிரலை அழுத்திப் பிளந்தால்தான் தெரியும். ஒரு அறையில் பஞ்சு ஈரமாக வெள்ளை வெளேரென்று இருக்கும். பக்கத்து அறையில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறி இறுகிக் கிடக்கும், விதை கோதாகிப்போயிருக்கும், சிவந்த பட்டைகளோடு புழு சுருண்டிருக்கும். இந்தக் காய்க்குள் நஞ்சு எவ்வளவு இருந்தது? நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. ஆர். கிராந்தியும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட அளவீடுகள் இதைத்தான் பேசுகின்றன. நஞ்சு மிகுதியாக இருந்தது இலையில். காயின் தோலிலும் மொட்டிலும் பூவின் சூலகத்திலும், அதாவது காய்ப்புழு நாடி வரும் இடங்களில், அது போதுமான அளவில் இல்லை. செடிக்கு வயது ஏற ஏற அளவு குறைந்துகொண்டே போனது. ஒரு கிராமுக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கிய பாகங்களில் பச்சைக் காய்ப்புழுக்கள் பிழைக்கத் தொடங்கின. எப்போதும் எங்கும் என்ற வாக்குறுதி, தேவைப்பட்ட வேளையில் தேவைப்பட்ட இடத்தில் மெலிந்துபோனது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் பி.டி. பருத்தி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகமாகவே விற்கப்பட்டது. ஒட்டுச் செடியில் நஞ்சு மரபணு ஒரு பெற்றோரின் வழியாக மட்டும் வந்திருந்தால், அந்தச் செடியின் காயில் விளையும் விதைகளில் சராசரியாக நான்கில் ஒன்றில் அது இருக்காது. விதையைத் தின்று வாழும் புழு ஒரே காய்க்குள் நஞ்சுள்ளதையும் இல்லாததையும் மாறிமாறிச் சந்திக்கும். எதிர்ப்புத்திறன் வளர இதைவிடத் தோதான இடம் வேறு இல்லை. 2010இல் குஜராத்தின் சில மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை நஞ்சைத் தாங்கி நிற்கிறது என்று விதை நிறுவனமான மான்சாண்டோவே ஒப்புக்கொண்டது.

செடி வெறும் பாத்திரமாக இருந்து நாம் போட்டதை வைத்துக்கொண்டிருக்கும் என்ற எண்ணமே இதில் முதலில் உடைவது. பெட்டுனியா என்ற பூச்செடியின் கதை இதைப் பருத்தியைவிடத் தெளிவாகச் சொல்கிறது. ஊதா நிறத்தை உண்டாக்கும் மரபணுவில் இன்னொரு பிரதியைக் கூடுதலாக வைத்தால் பூ மேலும் அடர்த்தியான ஊதாவாகும் என்று நம்பிக் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் ஜோர்கன்சனின் குழு செய்து பார்த்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் பல செடிகள் வெள்ளையாகப் பூத்தன. சில இதழ்களில் ஊதாவுக்கு நடுவே வெள்ளைக் கீற்றுகள். வந்த மரபணுவோடு, செடியின் சொந்த மரபணுவும் சேர்ந்தே வாய்மூடிப்போயிருந்தது. தனக்குள் ஏதோ மிகையாக ஒலிக்கிறது என்று உணர்ந்த செல், அந்தச் செய்தியையே துண்டுதுண்டாக நறுக்கிப் போட்டுவிடுகிறது என்பது பின்னால் புரிந்தது. வைரஸ்களை எதிர்க்கச் செடிகள் வைத்திருக்கும் பழைய தற்காப்பு அது. அதே 1990 கோடையில் ஜெர்மனியின் கொலோன் நகரில், மக்காச்சோளத்திலிருந்து எடுத்த ஒரு நிற மரபணுவை 35எஸ்ஸின் கீழ் வைத்து, ஏறத்தாழ 30,000 பெட்டுனியாச் செடிகளைத் திறந்தவெளியில் நட்டிருந்தார்கள். பருவத்தின் தொடக்கத்தில் செங்கல் சிவப்பாகப் பூத்த செடிகளே கோடை முற்றியபோது வெளிறிய பூக்களைப் பூத்தன. பார்த்தால், புரோமோட்டரின் மேல் மெத்தில் என்ற வேதிக்குறி ஏறி அதை மூடிவைத்திருந்தது. பருவத்தின் தொடக்கத்துப் பூக்களிலிருந்து எடுத்த விதைகளின் வாரிசுகள் நிறத்தைக் காத்துக்கொண்டன. கடைசியில் எடுத்தவற்றின் வாரிசுகளிடம் அது மங்கியது. வைரஸின் அக்கறையின்மையைக் கடன் வாங்கி வைத்தாலும், வெயிலும் வயதும் அதன் மேல் தங்கள் கணக்கை எழுதிவிடுகின்றன. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செடி தன் காலத்தைக் காத்துக்கொள்ளும் வகை அது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்கு இது வேறு விதமான தேவையைத் தந்தது. விரும்பும்போது எழுப்பவும் விரும்பும்போது அடக்கவும் ஏதாவது வேண்டும். செடிக்குச் சிறிதும் அறிமுகமில்லாத பொருளைச் சைகையாக வைத்தால் அதன் சொந்த வேலைகள் குழம்பாது என்று எண்ணினார்கள். அப்படித் தேர்ந்த பொருள்களில் ஒன்று டெக்ஸாமெத்தசோன். கொரோனாக் காலத்தில் மூச்சுத்திணறியவர்களுக்கு ஏற்றப்பட்டதே, அதே மருந்து. 1997இல் அயோயாமாவும் சுவாவும் ஒரு புரதத்தைக் கட்டினார்கள். அதன் ஒரு பகுதி ஈஸ்டிலிருந்து, ஒரு பகுதி ஹெர்பிஸ் வைரஸிலிருந்து, மூன்றாவது பகுதி எலியின் ஸ்டீராய்டு ஏற்பியிலிருந்து. மருந்து வந்து எலிப் பகுதியைத் தொடும்வரை அந்தப் புரதம் செல்லுக்குள் கட்டுண்டு கிடக்கும். தொட்டதும் உட்கருவுக்குள் போய்க் காத்திருக்கும் மரபணுவை எழுப்பும். அவர்கள் எழுப்பிப் பார்த்தது மின்மினிப் பூச்சியின் ஒளிப்புரதத்தை. ஈஸ்டும் வைரஸும் எலியும் மின்மினியும் ஒரு புகையிலைச் செடிக்குள் சேர்ந்து, மனிதருக்கான மருந்துக்குக் கட்டுப்பட்டு வெளிச்சம் விட்டன. இதைப் படிக்கும்போது எனக்கு எழுவது வியப்புத்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஒரு மரபணு வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் என்ன செய்கிறது என்று அறிய இப்படிப்பட்ட கருவி இல்லாமல் முடியாது. எப்போதும் ஓடினால் செடியையே கொன்றுவிடக்கூடிய மரபணுவைக்கூட இப்படித்தான் ஆராய முடிகிறது. பிறகு பெண்களின் ஈஸ்ட்ரஜனுக்குக் கட்டுப்படும் முறை வந்தது. ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்து எத்தனாலுக்கு விழிக்கும் முறை வந்தது. ஆனால் ஒன்றும் முழுதாகச் சொன்னபடி கேட்கவில்லை. அந்த டெக்ஸாமெத்தசோன் முறை சில செடிகளில் தானே வளர்ச்சியைக் கெடுத்தது. எத்தனாலோ, வேர் நீரில் மூழ்கி மூச்சுமுட்டும்போது செடி தனக்குள்ளேயே செய்துகொள்ளும் பொருள். ஆய்வுக்கூடத் தொட்டியில் நாம் ஊற்றினால்தான் எத்தனால். ஐப்பசி மழை தேங்கிய வயலில்? அங்கே சைகை காட்டுவது மழையாக இருக்கும், நாம் அல்ல.

சைகையைச் செடியிடமே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தமான ஆய்வு அது. ஜப்பானில் கசுகோ யமாகுச்சி-ஷினோசாகி குழுவினர், வறட்சியிலும் குளிரிலும் பல தற்காப்பு மரபணுக்களை ஒருசேர எழுப்பும் ஒரு தலைமை மரபணுவைக் கண்டிருந்தார்கள். அதை அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் முதலில் 35எஸ்ஸின் கீழ் வைத்தார்கள். செடி வறட்சியைத் தாங்கியது, ஆனால் குள்ளமாகக் கூம்பிப்போனது. எந்நேரமும் பஞ்சத்துக்குத் தயாராக இருக்கும் உடம்புக்கு வளர நேரமில்லை. அடுத்து அதே மரபணுவின் முன்னால், தண்ணீர் குறையும்போது மட்டும் விழிக்கும் ஆர்.டி.29ஏ என்ற புரோமோட்டரை வைத்தார்கள். 1999இல் வந்த அந்த முடிவில், நீர் இருக்கும்வரை செடி ஏறக்குறைய இயல்பாக வளர்ந்தது. இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விட்டு மறுபடி ஊற்றியபோது 35எஸ் செடிகளைவிடக் கூடுதலாகப் பிழைத்தது. மரபணு ஒன்றேதான். வேளை மட்டும் மாறியது. இங்கேயும் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. ஆய்வுக்கூடத் தொட்டியின் வறட்சி சீராக வருவது. புஞ்சைக்காட்டில் சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்குத் தலைதொங்கிச் சாயங்காலம் நிமிரும் செடியை நாம் தினமும் பார்க்கிறோம். அந்த வாட்டத்தைச் செடி பஞ்சமென்று எண்ணுமா, வெறும் மதியம் என்று எண்ணுமா? கேழ்வரகும் சோளமும் இந்தக் கணக்கைத் தெரிந்தவை. ஒற்றைப் புரோமோட்டர் அந்தக் கணக்கில் எவ்வளவைத் தாங்கும் என்பது திறந்த கேள்விதான். இருந்தாலும் இந்தத் திசை எனக்குச் சம்மதம். செடியின் தேவை எழும்போது செடியே விழிக்கிறது. நடுவில் யாருடைய பாட்டிலும் இல்லை.

என் உறுத்தல் முழுவதும் திரள்வது இதற்கு ஓராண்டு முந்திய ஒரு காகிதத்தில். 1998 மார்ச் 3 அன்று டெல்டா அண்டு பைன் லேண்ட் என்ற அமெரிக்கப் பருத்தி விதை நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் கூட்டாக வழங்கப்பட்ட காப்புரிமை, எண் 57,23,765. ‘தாவர மரபணு வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துதல்’ என்பது அதன் தலைப்பு. உலகம் அதை டெர்மினேட்டர் என்று அறிந்தது. தமிழில் மலட்டு விதை என்று எழுதினோம். அதன் அமைப்பைப் பொறுமையாகப் படித்தால்தான் அதன் நுட்பம் தெரியும். சோப்புப்பூச்செடியிலிருந்து வரும் சப்போரின் என்ற கொல்லும் புரதத்துக்கான மரபணு ஒன்று. அதற்கும் அதன் புரோமோட்டருக்கும் நடுவே ஒரு தடைத்துண்டு. ஆகவே அது பேசாது. அந்தத் தடையை வெட்டி எடுக்கும் நொதிக்கான மரபணு இரண்டாவது; பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்தது. அந்த நொதியையும் எழவிடாமல் அமுக்கிப் பிடிக்கும் பாக்டீரியப் புரதத்துக்கான மரபணு மூன்றாவது. விதை நிறுவனம் தன் பண்ணையில் பெருக்கும்வரை மூன்றாவது இரண்டாவதை அமுக்கும், விதை வழக்கம்போல முளைக்கும். விற்பதற்கு முன் விதையை டெட்ராசைக்ளினில் ஊறவைப்பார்கள். அந்த மருந்து பட்டதும் அமுக்கும் பிடி விடும், நொதி எழும், தடை வெட்டுப்படும். அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்காது. உழவர் விதைப்பார், முளைக்கும், பூக்கும், காய்க்கும், பஞ்சு வெடிக்கும். ஏனென்றால் சப்போரினின் முன்னால் வைத்த புரோமோட்டர் விதை முதிரும் கடைசிக் கட்டத்தில் மட்டுமே விழிப்பது. கரு தன் வளர்ச்சியை முடித்து, நீரை இழந்து, நெடுந்தூக்கத்துக்குத் தயாராகும்போது தன்னைக் காத்துக்கொள்ளச் சில புரதங்களைச் செய்கிறது. அவற்றை எழுப்பும் புரோமோட்டர் அது. உலர்தலைத் தாங்கிப் பிழைத்து அடுத்த பட்டத்தில் முளைப்பதற்காகச் செடி வைத்திருந்த சைகை, அதே நொடியில் கருவைக் கொல்லும் சைகையாக ஆக்கப்பட்டது. ஜப்பானியச் செடியிலும் நீரிழப்பே சைகை. அங்கே அது காத்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நாளிலிருந்து, நுட்பத்தில் குற்றமில்லை என்ற வழக்கமான சமாதானம் எனக்குப் போதவில்லை. இங்கே நோக்கம் நுட்பத்துக்கு வெளியே நிற்கவில்லை. எந்தச் சைகைக்கு எந்த மரபணு என்று கோத்த அந்த வரிசையிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

மலட்டு விதை எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் தலைவர் கார்டன் கான்வேக்கு 1999 அக்டோபர் 4 அன்று எழுதிய கடிதத்தில், விதையை மலடாக்கும் நுட்பங்களை வணிகத்துக்குக் கொண்டுவர மாட்டோம் என்று மான்சாண்டோவின் தலைவர் ராபர்ட் ஷபீரோ உறுதியளித்தார். 2000இல் நைரோபியில் கூடிய உயிரியப் பன்மைய உடன்படிக்கை நாடுகள் களச்சோதனைக்கே தடை போடும்படி பரிந்துரைத்தன. 2006இல் பிரேசிலின் குரிடிபாவில் அதை மீண்டும் உறுதிசெய்தன. இந்தியாவின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001இல் வந்தபோது இதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. இது வெற்றி, ஐயமில்லை. ஒட்டு ரகப் பருத்திக்கு ஆண்டுதோறும் விதை வாங்கியே ஆக வேண்டிய நாட்டில் மலட்டு விதையை எதிர்த்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. ஒட்டு ரகத்தின் விதை முளைக்கும், விளைச்சல்தான் கலைந்துபோகும். அதிலிருந்து தேர்ந்து தேர்ந்து ஒரு ரகத்தை நிலைநிறுத்தும் வாசல் திறந்தே இருக்கிறது. முளைக்காத விதையில் அந்த வாசலே கிடையாது. ஆனால் என் கவலை அங்கே இல்லை. அதே கடிதத்தில் ஷபீரோ, விதையை மலடாக்காமல் அதில் சேர்த்த பண்புக்கான மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்யும் வழிகளும் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார். அதுதான் என்னைத் தூங்கவிடாத இடம். விதை முளைக்கும், செடி வளரும். வறட்சியைத் தாங்கும் பண்போ பூச்சியை எதிர்க்கும் பண்போ மட்டும், குறிப்பிட்ட மருந்தைத் தெளித்தால்தான் விழிக்கும். மருந்து விதைக்காரரின் கடையில். யார் கண்ணுக்கும் கொடூரமாகத் தெரியாது. தேவையில்லாதபோது மரபணு உறங்குகிறதே, அது நல்லதுதானே என்றுகூடச் சொல்லலாம், அப்படிச் சொல்வதில் உண்மையும் இருக்கும். 35எஸ் செய்த பிழைக்கு அது மருந்தாகவே தோன்றும். ஆனால் மழை பிந்திய ஆவணியில், கையில் காசில்லாத வாரத்தில், செடிக்குள் இருக்கும் தற்காப்பு விழிக்குமா என்பது வானத்தையும் மண்ணையும் விட்டு ஒரு விலைப்பட்டியலுக்குப் போய்விடும்.

நம் உழவர் உரிமைகள் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ரகத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பிப்பவர் அதில் டெர்மினேட்டர் நுட்பம் சார்ந்த மரபணு எதுவும் இல்லை என்று பிரமாண வாக்குமூலம் தர வேண்டும் என்கிறது. 29ஆம் பிரிவு, உயிருக்கோ நலத்துக்கோ ஊறு விளைவிக்கும் நுட்பமுள்ள ரகங்களின் பதிவை மறுக்கிறது. மரபணுப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் நுட்பங்களையும் அதில் சேர்க்கிறது. ஆனால் 18இன் வாக்குமூலம் டெர்மினேட்டரோடு நிற்கிறது. மருந்துக்கு மட்டும் விழிக்கும் ஒரு பண்பு ஊறு என்று கருதப்படுமா என்பதை 29 ஒவ்வொரு முறையும் விவாதத்துக்கு விட்டுவிடுகிறது. இரண்டும் போதாது. விதைக்குள் சேர்த்த ஒவ்வொரு மரபணுவுக்கும் எந்தப் புரோமோட்டர், அது எந்தச் சைகைக்கு விழிக்கிறது, அந்தச் சைகை செடிக்குள்ளிருந்து வருவதா கடையிலிருந்து வருவதா என்பதை வாக்குமூலத்தில் கேட்க வேண்டும். பாக்கெட்டின் மேல் தமிழில் அச்சிட வேண்டும். கடையிலிருந்து வரும் சைகைக்கு மட்டும் கட்டுப்படும் பண்புள்ள எந்த ரகத்துக்கும் உழவர் வயலில் இடமிருக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் அது தாராளமாக இருக்கட்டும். புதிய விதைச் சட்டத்தைப் பற்றியும் மரபணுத் திருத்தப் பயிர்களைப் பற்றியும் கருத்துச் சொல்லும் உழவர் அமைப்புகளிடமும் வேளாண் விஞ்ஞானிகளிடமும் நான் வேண்டுவது இதைத்தான்: எந்த மரபணு என்று கேட்கும் அதே மூச்சில், அது எப்போது விழிக்கும், யார் சொன்னால் விழிக்கும் என்றும் எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.